சிவா என்ற லேசரும் வத்திராயிருப்பு கிருஷ்ணனும்

குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்களில் பலர் சித்திர சபையைப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், கடைத்தெருவில் ரம்புட்டான், மங்குஸ்தான், நேந்திரம் சிப்ஸ் என்று பொழுது போய்விடும். குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தெப்பக்குளத்தை ஒட்டி அந்தச் சபை இருக்கிறது. திருவாலங்காட்டில் இரத்தின சபை, சிதம்பரத்தில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை என்று நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஐந்தாவது இது. இங்கே அவர் சுவரில் தீட்டிய சித்திரமாகவே இருக்கிறார். சுற்றிலும் பல கரங்கள் கொண்ட தெய்வ உருவங்கள்.

அப்படிப் பல கரம் கொண்ட சிவனை நினைத்து, 1977-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லிவர்மோர் ஆய்வகம் கட்டிய ஒரு லேசருக்கு ‘சிவா’ என்றே பெயர் வைத்தார்கள். அதற்கு 20 கரங்கள், இருபதும் ஒளிக்கதிர்கள். நடுவில் மில்லிமீட்டருக்கும் சிறிய ஒரு கண்ணாடி உருண்டை. அதற்குள் ஹைட்ரஜனின் உறவுக்காரர்களான டியூட்டீரியமும் டிரிட்டியமும். எல்லாக் கதிர்களும் ஒரே கணத்தில் உருண்டையின்மேல் பாய்ந்து, அதை நசுக்கி, உள்ளே இருக்கும் அணுக்கருக்களை ஒன்றோடொன்று இணைய வைக்க வேண்டும். சூரியனுக்குள் நடக்கிற வேலையை ஓர் ஆய்வகத்துக்குள் ஒளியைக் கொண்டே செய்து பார்க்கிற முயற்சி.

சிவா உருண்டையை நசுக்கிக் காட்டியது. ஆனால் ஒரு தடையில் முட்டிக்கொண்டது. அந்தத் தடையில் பெரும்பங்குக்கு இயற்பியலில் உள்ள பெயர் ‘தூண்டப்பட்ட ராமன் சிதறல்’. அந்தப் பெயருக்குக் காரணமான ராமன் விளைவை உலகத்துக்கு அறிவித்த கட்டுரையில் இரண்டு பேர் கையெழுத்து உண்டு. ஒருவர் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். மற்றவர் நம்ம மலையடிவாரத்துக்காரர். தென்காசியில் பஸ் ஏறி, மலையை இடதுகைப் பக்கம் வைத்துக்கொண்டு கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வடக்கே போனால் வருகிற வத்திராயிருப்புதான் கே.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர்.

நான் தென்காசியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள். லேசர் வழியில் அணுக்கரு இணைவைத் தேடிய வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கட்டடங்களையும் பெரிய செலவுகளையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. ஒளி பொருளைத் தொடுகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று மனிதர்கள் படிப்படியாகக் கற்றுக்கொண்ட வரலாறு அது. பெரிய இயந்திரங்கள் தடுக்கி விழுந்தது அந்த இடத்தில். ஒரு மேசைமேல் அடங்குகிற சிறிய லேசர்கள் பாடம் சொன்னதும் அந்த இடத்தைப் பற்றித்தான். அந்தப் பாடத்தில் நம் நாட்டுக்கு முக்கியமான பங்கு இருக்கிறது.

கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1920-களில் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்தார். அவர்களிடம் இருந்த கருவிகள் எளியவை. சூரிய ஒளியை லென்ஸ் வைத்துக் குவித்து, வடிகட்டிக் கண்ணாடியால் ஒரு நிறத்தை மட்டும் விட்டு, தூய்மையாக்கிய திரவத்துக்குள் செலுத்தி, பக்கவாட்டில் சிதறி வருகிற ஒளியைக் கண்ணாலேயே பார்த்தார்கள். உள்ளே போன நிறத்தோடு, அதில் இல்லாத ஒரு நிறமும் மிக மங்கலாக வெளியே வந்தது. ஒளி தன் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, குறைந்த ஆற்றலோடு நிறம் மாறி வருகிறது என்பது அதன் பொருள். அதைக் கண்ட 1928 பிப்ரவரி 28-ஐத்தான் இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு. கிருஷ்ணன் பிறகு டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1961-ல் காலமானார். உலகின் முதல் லேசர் 1960 மே 16 அன்று தியோடர் மைமன் கையில் ஒளிர்ந்தது. தான் கண்ட மங்கலான ஒளி லேசர் காலத்தில் எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பார்க்கக் கிருஷ்ணனுக்கு ஆயுள் போதவில்லை.

சூரியனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வகுப்பில் அணுக்கரு இணைவு எடுக்கும்போதெல்லாம் எந்தப் பிள்ளையாவது எழுந்து, “டீச்சர், கூடங்குளத்துலயும் இதுதானே நடக்கு?” என்று கேட்கும். “இல்ல பிள்ள, அங்க ஒடையுது. சூரியன்ல ஒட்டுது” என்பேன். கூடங்குளத்தில் யுரேனியம் என்ற கனமான அணுக்கரு பிளவுபடுகிறது. சூரியனில் ஹைட்ரஜன் என்ற மிக இலேசான அணுக்கருக்கள் இணைந்து ஹீலியம் ஆகின்றன. ஒரு நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் அங்கே ஹீலியமாகிறது. சூரியனின் நடுவில் வெப்பம் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. இரண்டு அணுக்கருக்களும் நேர்மின்னூட்டம் உள்ளவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறி நெருங்க வேண்டுமென்றால் அவ்வளவு வேகம், அவ்வளவு நெருக்கம் வேண்டும். சூரியனுக்குத் தன் எடையே போதும். பூமியில் நமக்கு அந்த எடை கிடையாது.

அதனால் இரண்டு வழிகளில் முயன்றார்கள். ஒன்று, காந்தப்புலத்தால் சூடான பிளாஸ்மாவைக் கட்டி வைப்பது. குஜராத்தில் காந்திநகர் பக்கம் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989-ல் இயங்கத் தொடங்கிய ‘ஆதித்யா’ அந்த வகை இயந்திரம். இதே பெயரில் இன்னொரு ஆதித்யாவும் உண்டு. சூரியனைப் பார்ப்பதற்காக 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம். அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, நம்ம செங்கோட்டைக்காரர். செங்கோட்டையில் பள்ளிப்படிப்பு, திருநெல்வேலியில் பொறியியல். அவர் பெயரைச் சொன்னதும் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வழி லேசர். கட்டி வைக்க வேண்டாம். சிதறிப் போவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும். சிறிய உருண்டையின்மேல் எல்லாப் பக்கமும் ஒளி பாய்ந்தால் அதன் மேல்தோல் ஆவியாகி வெளியே பாயும். அதன் எதிர்விளைவாக உள்பகுதி நடுவை நோக்கி நசுங்கும். திரவ ஹைட்ரஜனைப் போல ஆயிரம் மடங்கு அடர்த்தி வரும்வரை நசுக்கினால், நானோ செகண்டில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குள் இணைவு நடந்து முடியும்.

இந்தக் கனவு தொடங்கிய காலத்தில் அதைப் பற்றி உலக மேடையில் முதலில் பேசியவர்களில் ஒருவர் ஹோமி பாபா. 1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் அணுசக்தியின் அமைதிப் பயன்பாடு குறித்து ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். இணைவு ஆற்றலைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் வழி அடுத்த 20 ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்படும் என்று தலைமையுரையில் சொன்னார். அப்போது பல நாடுகள் அந்த ஆராய்ச்சியை இரகசியமாக வைத்திருந்தன. அந்த நேரத்தில், விடுதலை பெற்று எட்டே ஆண்டுகள் ஆன நாட்டிலிருந்து போன ஒருவர் அதை எல்லார் முன்னாலும் பேசுபொருளாக்கினார். அவர் சொன்ன கெடு பொய்த்தது. ஆனால் அவர் தொடங்கிவைத்த நிறுவனங்கள் அந்த வேலையை விடவில்லை. லேசரையும் சீக்கிரமே கையில் எடுத்தன. 1960-களின் நடுவிலேயே டிராம்பேயில் செமிகண்டக்டர் லேசர் செய்து, அதன் ஒளியைக் கொண்டு டிராம்பேக்கும் கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர் தூரம் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள்.

லேசர் வந்ததும் லிவர்மோரில் ஜான் நக்கோல்ஸும், மாஸ்கோவில் நிக்கோலாய் பாசோவும் இணைவுக்கு அதைப் பயன்படுத்த முடியுமா என்று கணக்குப் போட்டார்கள். 1968-ல் பாசோவின் குழு லித்தியம் டியூட்டிரைடுமேல் லேசரைச் செலுத்தி நியூட்ரான்கள் வந்ததாக அறிவித்தது. இணைவு நடந்தால் நியூட்ரான் வெளியே வரும், அதுதான் சாட்சி. 1972-ல் நக்கோல்ஸும் தோழர்களும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஒரு கிலோஜூல் அளவுள்ள லேசரே போதும், போட்ட ஆற்றல் திரும்பக் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை அந்தக் கட்டுரை கொடுத்தது. 1974 மே 1 அன்று மிச்சிகன் மாநிலத்தில் கே.எம்.எஸ். ஃபியூஷன் என்ற சிறிய தனியார் கம்பெனி, கண்ணாடி உருண்டையை லேசரால் நசுக்கி இணைவு நியூட்ரான்களைக் கண்டது. அரசாங்கத்தின் பெரிய ஆய்வகங்களை அந்தச் சின்னக் கம்பெனி முந்திக்கொண்டது.

அதன் பிறகுதான் சிவா வந்தது. அது 10 கிலோஜூல் தரக்கூடியது. நக்கோல்ஸ் கணக்குப்படி பார்த்தால் அதுவே ஏராளம். ஆனால் அதன் ஒளி அகச்சிவப்பு. உருண்டையைத் தொட்டதும் மேல்தோல் பிளாஸ்மாவாகிறது. அந்தப் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் அலையலையாக ஆடுகின்றன. லேசர் ஒளி அந்த அலைக்குத் தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, நிறம் மாறித் திரும்பிப் போய்விடுகிறது. கல்கத்தாவில் திரவ மூலக்கூறுகளில் ராமனும் கிருஷ்ணனும் கண்ட அதே கொடுக்கல் வாங்கல் இங்கே எலக்ட்ரான் அலையோடு நடக்கிறது. அங்கே கோடியில் ஒரு பங்கு அளவுக்கே நிறம் மாறியது. இங்கே லேசரின் தீவிரம் அதைத் தூண்டித் தூண்டிப் பெருக்கிவிடுகிறது. பங்கு வாங்கிக்கொண்ட எலக்ட்ரான்கள் வெகுவேகமாக உள்ளே பாய்ந்து, எரிபொருள் நசுங்குவதற்கு முன்னாலேயே அதைச் சூடாக்கிவிடுகின்றன. சூடான பொருளை நசுக்குவது கடினம். 20 கரம் இருந்தும் சிவா நின்ற இடம் இதுதான். 1981-ல் அதைப் பிரித்துவிட்டார்கள்.

ஒளிக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையிலான இந்தச் சிக்கலை ஏட்டில் முதலில் அவிழ்த்தவர்களில் ஒரு இந்தியர் உண்டு. ஸ்ரீநகரில் பிறந்த பிரதிமன் கிருஷன் காவ், ஐ.ஐ.டி. டெல்லியில் எம்.எஸ். சோதாவிடம் ஆராய்ச்சி செய்து 1966-ல் முனைவர் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 18. பிரின்ஸ்டனுக்குப் போய் ஜான் டாசனோடு சேர்ந்து 1969, 1970-ல் எழுதிய கட்டுரைகளில், தீவிரமான லேசர் பிளாஸ்மாவை எப்படி வழக்கத்தை மீறிச் சூடாக்கும், எப்படி ஊடுருவும் என்று காட்டினார். சிவா கட்டப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு எழுதியவை அவை. பிறகு நாடு திரும்பி, ஆதித்யா இயங்கும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். 2017-ல் மறைந்தார். அவரைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு பெட்டிச் செய்தியாவது வர வேண்டும் என்பது என் ஆசை.

சிவா தந்த பாடத்தை லிவர்மோர் சரியாகக் கற்றுக்கொண்டது. அடுத்து 1984-ல் வந்த ‘நோவா’ என்ற லேசரில் ஒளியைப் படிகங்கள் வழியே செலுத்தி, அகச்சிவப்பைப் புறஊதாவாக மாற்றினார்கள். அலைநீளம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. அலைநீளம் குறையக் குறைய ராமன் சிதறலின் தொல்லையும் குறைந்தது.

அதே நேரத்தில் சின்ன மேசைக்காரர்களின் காலமும் பிறந்தது. அதற்குக் காரணம் 1985-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூரூவும் கண்ட ஒரு உத்தி. அதைச் சொல்லக் குற்றாலத்தில் இருப்பவளுக்கு வெளியே போக வேண்டியதில்லை. பேரருவியில் மேலேயிருந்து விழுகிற தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவே பொங்குமாகடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பரவி வழிகிறது. அதனால்தான் அடியில் நின்று குளிக்க முடிகிறது. லேசர் துடிப்பை அப்படியே பெருக்கினால், அதைப் பெருக்கும் கண்ணாடியே உடைந்துவிடும். அதனால் முதலில் துடிப்பை நேரத்தில் நீட்டிப் பரப்பி அதன் வேகத்தை அடக்குகிறார்கள். அடங்கிய துடிப்பைப் பத்திரமாகப் பெருக்குகிறார்கள். கடைசியில், அருவியால் செய்ய முடியாத ஒன்றைச் செய்கிறார்கள்: பரவியதைத் திரும்பக் குவித்து ஒரே அடியாக அடிக்கிறார்கள். 2018-ல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீட்டுவதையும் குவிப்பதையும் செய்கிற கருவி எது தெரியுமா? நம்ம பிளஸ் டூ லேபில் இருக்கிற கீற்றணி. மரப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பாதுகாக்கிற அந்தச் சின்ன தகட்டில் மீட்டருக்குச் சுமார் 6 லட்சம் கோடுகள். சோடியம் விளக்கை ஏற்றி, மஞ்சள் நிறம் ஏறும்வரை காத்திருந்து, நிறமாலைமானியின் தொலைநோக்கியைப் பைய நகர்த்தினால் மஞ்சள் கோடு குறுக்குக் கம்பியில் வந்து நிற்கும். வெர்னியரில் இரண்டு பக்கமும் அளவு எடுத்து அலைநீளம் கணக்கிடுவார்கள். “விரலால தொடாத, ஓரத்தப் பிடி” என்று நான் சத்தம் போடாத வருஷமே இல்லை. ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு கோணத்தில் அனுப்புவது கீற்றணியின் குணம். ஒரு நிறம் நெடுவழி போகும், இன்னொரு நிறம் குறுவழி போகும். அப்படி நிறங்களைப் பிரித்து வெவ்வேறு தூரம் ஓட விட்டால் துடிப்பு நீளும். எதிர்மாறாக ஓட விட்டால் குறுகும். பிள்ளைகள் மார்க்குக்காகத் தொடுகிற அந்தத் தகட்டின் வகையில்தான் உலகின் தீவிரமான லேசர்கள் எல்லாம் ஓடுகின்றன.

இந்த உத்தியால் மேசைமேல் ஏறிய லேசரைக் கொண்டு 1999-ல் லிவர்மோரில் டாட் டிட்மையரும் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். அதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். குளிரூட்டிய டியூட்டீரியம் வாயு அழுத்தத்தோடு ஒரு நுண்ணிய துளை வழியே வெற்றிடத்துக்குள் பீய்ச்சப்படுகிறது. விரிகிற வாயு மேலும் குளிர்ந்து, ஆயிரக்கணக்கான அணுக்கள் கொத்துக் கொத்தாகச் சேர்கின்றன. ஒரு கொத்தின் அளவு சில நானோமீட்டர். அதன்மேல் 35 ஃபெம்டோ செகண்ட் நேரம் மட்டும் லேசர் பாய்கிறது. ஒரு ஃபெம்டோ செகண்ட் என்றால் ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, மறுபடியும் ஒரு முறை கோடியால் வகுத்து வருவதில் பத்தில் ஒரு பங்கு. 35 ஃபெம்டோ செகண்டில் ஒளியே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரம்தான் போகும்.

அந்தத் துடிப்பின் ஆற்றல் சுமார் 0.12 ஜூல். 12 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குகிற ஆற்றல், அவ்வளவே. ஆனால் அந்தக் குறுகிய நேரத்துக்குள் அதைக் கொடுப்பதால் திறன் 34 லட்சம் மெகாவாட்டாக ஏறுகிறது. இந்தியாவின் எல்லா மின்நிலையங்களின் நிறுவுதிறனையும் கூட்டினாலும் சுமார் 5 லட்சம் மெகாவாட். கொத்திலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து போகின்றன. மிச்சம் இருக்கிற நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளி, கொத்து வெடிக்கிறது. அந்த அயனிகளில் சில, பக்கத்துக் கொத்திலிருந்து பறந்து வருகிற அயனிகளோடு மோதி இணைகின்றன. ஒரு துடிப்புக்குச் சுமார் 10,000 நியூட்ரான்கள். நொடிக்குப் பத்துத் துடிப்புகள்.

இதில் மின்சாரம் எடுக்க முடியாது. போட்ட ஆற்றலில் கோடியில் ஒரு பங்கு அளவே இணைவிலிருந்து திரும்புகிறது. ஆனால் ஒரு ஜூலுக்கு எத்தனை நியூட்ரான் என்று கணக்கிட்டால், அந்தக் காலத்துப் பெரிய லேசர்களுக்கு ஏறக்குறைய சமமாக வந்து நின்றது இந்த மேசைச் சோதனை. ஒரு கட்டடம் செய்கிற வேலையை ஒரு அறைக்குள் ஆராயலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

மும்பையில் டாட்டா நிறுவனத்தில் அந்த அறை ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. வி. குமரப்பன், எம். கிருஷ்ணமூர்த்தி, தீபக் மாத்தூர் மூவரும் 2001-ல் ஆர்கான் கொத்துகளைத் தீவிர லேசரால் வெடிக்க வைத்துப் பார்த்தார்கள். அயனிகள் எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பறக்கவில்லை. லேசரின் மின்புலம் ஆடுகிற திசையில் அதிக ஆற்றலோடு பறந்தன. கொத்து வெடிப்பதைப் பற்றி இருந்த எளிய படத்தை அது திருத்தியது. அதே நிறுவனத்தில் ஜி. ரவீந்திர குமாரின் குழு, காந்திநகரில் காவின் குழுவோடு சேர்ந்து, 2002-ல் திடப்பொருள்மேல் லேசர் விழும் இடத்தில் பிறக்கிற காந்தப்புலத்தை அளந்தது. பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடி மடங்குக்கும் மேல்; வாழ்வது சில பிக்கோ செகண்ட். அந்தக் காந்தப்புலத்தை அளந்தால், வேகமான எலக்ட்ரான்கள் பிளாஸ்மாவுக்குள் எப்படிப் போகின்றன என்று தெரியும். ஒரு லேசரால் நசுக்கி, இன்னொரு குறுந்துடிப்பு லேசரால் பற்றவைக்கலாம் என்று 1994-ல் மேக்ஸ் டபாக் சொன்ன வழிக்கு இந்தத் தகவல் அடிப்படை.

2012-ல் டாட்டா நிறுவனத்தில் செய்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. லேசர் விழும் பரப்பின்மேல் ஈ-கோலை பாக்டீரியாவைப் பூசினார்கள். வழவழப்பான பரப்பு ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். நுண்ணிய மேடுபள்ளம் இருந்தால் ஒளி பிடிபடும். அந்த மேடுபள்ளத்தைச் செய்ய விலையுயர்ந்த முறைகள் உண்டு. இவர்களோ வளர்த்து எடுத்த பாக்டீரியாவைக் கொண்டு, வெளிவருகிற எக்ஸ் கதிரைப் பல மடங்கு கூட்டிவிட்டார்கள். ஒளி பொருளைத் தொடுகிற இடம்தான் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். இந்தூரில் 1984-ல் தொடங்கிய, இன்று ராஜா ராமண்ணா பெயர் தாங்கிய மையத்தில் 150 டெராவாட் லேசரையும், அதன்பின் பெட்டாவாட் அளவு லேசரையும் வைத்து இந்த ஆராய்ச்சி தொடர்கிறது.

பெரிய இயந்திரத்தின் கதையும் ஒரு முடிவுக்கு வந்தது. 2009-ல் லிவர்மோரில் கட்டி முடித்த ‘தேசியப் பற்றவைப்பு நிலையம்’ 192 கதிர்கள் கொண்டது. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் உள்ளே போய், 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் வெளியே வந்தது. போட்டதைவிட அதிகமாக வந்தது வரலாற்றில் அதுவே முதல் முறை. 1972-ல் சொன்ன ஒரு கிலோஜூலுக்குப் பதில் இரண்டாயிரம் மடங்கு தேவைப்பட்டது. 20 ஆண்டு என்று பாபா சொன்ன நாளிலிருந்து 67 ஆண்டுகள்.

அந்த 3.15 மெகாஜூலை மின்வாரியக் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்கூட ஆகாது. லேசரை இயக்கக் கம்பி வழியே இழுத்த மின்சாரமோ சுமார் 300 மெகாஜூல். 80 யூனிட்டுக்கும் மேல். அதைச் சொல்லி இந்தச் சாதனையைச் சிறுமைப்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கல்கத்தாவில் கண்ட அந்த மங்கலான நிறத்தால் அன்றைக்கு ஒரு விளக்கையும் எரிக்க முடியவில்லை. இன்று மருந்து ஆலையிலும் சுங்கச் சோதனையிலும் பொருளை இன்னதென்று அடையாளம் காண ராமன் கருவி இருக்கிறது. முதலில் நடக்கும் என்று தெரிய வேண்டும். அதன் பிறகுதான் மலிவாகச் செய்வது.

மலிவாகச் செய்வதற்கான கணக்கு தெளிவாகவே இருக்கிறது. லிவர்மோர் நிலையம் ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறை சுடுகிறது. மின்நிலையம் என்றால் நொடிக்குப் பத்து முறை அளவில் சுட வேண்டும். அப்படிச் சுட்டால் ஒரு நாளுக்கு 8,64,000 எரிபொருள் உருண்டைகள் வேண்டும். இன்று ஒவ்வொரு உருண்டையும் தனிக் கவனத்தோடு செய்யப்படுகிறது. ஒளிவிளக்குகளால் இயங்கும் பழைய முறை லேசருக்குப் பதில், மின்சாரத்தை வீணாக்காத, டயோடுகளால் இயங்கும் லேசர்கள் வேண்டும். ராமன் சிதறலை இன்னும் அடக்க வேண்டும்; புறஊதாவிலும் அது முழுக்கப் போய்விடவில்லை. நொடிக்குப் பத்து முறை சுடுகிற பழக்கம் யாரிடம் இருக்கிறது? மேசைக்காரர்களிடம்தான். 1999-லேயே அவர்கள் அப்படிச் சுட்டார்கள். குறுந்துடிப்பு, ஒளியைப் பிடிக்கிற பரப்பு, விநாடிக்குப் பல முறை அளந்து பார்க்கிற பொறுமை எல்லாம் சிறிய ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தவை. பெரிய இயந்திரம் பற்றவைத்துக் காட்டிவிட்டது. தொடர்ந்து எரிய வைப்பதற்கான அறிவு சிறிய இடங்களிலிருந்துதான் வர வேண்டும்.

என் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் சுற்றுகிற காற்றாலைகள் தெரிகின்றன. தெற்கே பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கு ஆற்றல் தரும் தொழில் புதிதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் இயற்பியலில் நல்ல மார்க் வாங்கினால் நேரே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்று அனுப்பிவிடுகிறோம். பி.எஸ்சி. இயற்பியல் என்றால் வேறு வழியில்லாதவர்களின் படிப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அது தவறு என்று பெற்றோர் கூட்டத்தில் பல முறை வாதாடியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்து ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால், டாட்டா நிறுவனத்துக்கும் காந்திநகருக்கும் கதவு திறக்கும். ஆராய்ச்சி மாணவருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. தமிழ் மீடியத்தில் படித்தவர்களும் அங்கே போய் நிற்க முடியும். ஆரம்பத்தில் ஆங்கிலம் கொஞ்சம் சிரமம் தரும், ஒரு வருஷத்தில் சரியாகிவிடும்.

ஒரு மேசைமேல் நொடிக்குப் பத்து முறை இணைவை நடத்த மனிதருக்குத் தெரியும். ஒரு பெரிய கட்டடத்தில், போட்டதைவிட அதிகம் எடுக்கவும் தெரியும். இரண்டையும் ஒரே இயந்திரத்தில் செய்ய இன்னும் யாருக்கும் தெரியாது. அந்த வேலைக்கு ஆள் வேண்டும். இந்த வருஷம் லேபில் சோடியம் விளக்கு முன்னால் உட்கார்ந்து வெர்னியர் பார்க்கிற பிள்ளைகளில் சிலர் அதற்குப் போக வேண்டும். அவர்களைப் போக விடும்படி அவர்களைப் பெற்றவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.